வாயிற்காவலனிடம் பிடிபட்ட மூன்று வரிகள்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, கவிதை என்றதும் காத தூரம் ஓடாமல் காது கொடுக்க வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளையும் பிள்ளைகள் எழுதுவதையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, பின்வரிசையில் நின்று என்னைச் சந்தேகத்தோடு பார்க்கும் இளைஞர்களே, வணக்கம்!

பாருங்கள், நன்றாகப் பாருங்கள்! சந்தேகம்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் வாசலில் பைகளைச் சோதித்த காவலாளி நான். நவீனம், பின்நவீனம் என்று பேச எனக்கென்ன தகுதி? ஒரு கவிதையைக் கையும் களவுமாகப் பிடித்தவன் என்ற தகுதி!

சிரிக்காதீர்கள் ஐயா, நடந்தது அப்படித்தான்.

ஒரு மாலை, பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்த பெண்ணின் பையில் மடித்த காகிதம் ஒன்று அகப்பட்டது. மூன்றே வரிகள்.

அறை தப்பித்துப் போய்விட்டது
பூட்டு மட்டும் தொங்குகிறது
சாவியிடம் யார் சொல்வது

முற்றுப்புள்ளி இல்லை, கையெழுத்து இல்லை. அறை என்றால் மருந்துக் கிடங்கா? சாவி என்றால் கிடங்குப் பொறுப்பாளரா? தப்பித்தது எது? தப்பிக்கவிருப்பது எவர்? காகிதத்தோடு ஓர் அறிக்கையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அவளை அழைத்து அர்த்தம் கேட்டார்.

"கவிதை சார். இதுக்கு இதுதான் அர்த்தம்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

எழுதியவளுக்கே தெரியாத அர்த்தமா? ஐயம் இரட்டிப்பானது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். சங்கேதத்தை உடைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படித்தேன். கீழிருந்து மேலாகப் படித்தேன். முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். கிடங்கின் பூட்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. ஆனால் அந்த வரிகள் என்னை விட்டனவா? குளிக்கும்போது வந்தன, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

ஐந்தாம் நாள் காலை, வீட்டுக் கூடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவற்றை முணுமுணுத்தேன். எதிரே என் மகளின் அறை. என் பேச்சை மீறி வேற்றூர் வேலைக்குப் போனாள் என்ற கோபத்தில் ஓராண்டாக நான் பூட்டி வைத்த அறை. கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. எதை ஐயா நான் காவல் காத்தேன்?

அன்றே மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "என்னப்பா, வீட்டுல யாருக்கு என்ன?" என்றாள். அப்பன் தானாக அழைத்தால் அவளுக்கும் சந்தேகம்! என் பிள்ளை அல்லவா!

கவிதை புரிந்துவிட்டதா என்கிறீர்களா, முன்வரிசை அம்மா? இல்லை தாயே, இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. புரியாமலே பிடித்துவிட்டது.

என் அறிக்கை தவறு என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் இதற்கு என்னதான் அர்த்தம் என்றார். எனக்கு ஒன்று கிடைத்தது, அது எங்கள் வீட்டு விஷயம் என்றேன். என்னையும் ஒருமாதிரியாகத்தான் பார்த்தார். ஆனாலும் மறுநாளே அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

வாசலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் நம்பவில்லை.

"இதுவும் விசாரணையா அண்ணா?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று வரிகளையும் பார்க்காமல் சொன்னேன். அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இதுல நாப்பது கவிதை இருக்கு. சோதிச்சுட்டுக் குடுங்க."

அன்பர்களே, புதிய கவிதையைச் சந்தேகப்படுங்கள்! தாராளமாகச் சந்தேகப்படுங்கள்! ஆனால் விளங்கவில்லை என்று விரட்டிவிடாதீர்கள். வாசலில் நிறுத்துங்கள், பிரித்துப் பாருங்கள், மறுபடி படியுங்கள், உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போங்கள்!

அந்த நோட்டுதான் இன்று இந்த மேடையில் நூலாகியிருக்கிறது. முதல் பிரதியைப் பெற, தன்னைப் பிடித்துக் கொடுத்தவனையே அழைத்த கவிஞருக்கும், இவ்வளவு நேரம் என்னை நம்பிய உங்களுக்கும் நன்றி, வணக்கம்.