பாதை இல்லாத மலை

அப்டி ஒக்காருங்க சார், அந்தப் பாற நெழல்ல கீது, சூடாவல. அவசரமில்ல. கோயில் கல்வெட்டு ஆயிரம் வருசமா நிக்குது, இன்னும் ஒரு மணி நேரம் நிக்காதா? டூர் காயிதத்துலயும் அப்டித்தான போட்டுக்கீது. அர நாள்ல மொதல்ல மல உச்சி, அப்பறம் உத்திரமேரூர சுத்திக் காட்டறது.

அதோ மினுக்குது பாருங்க, ஏரி. அதுக்கு அந்தாண்ட திருப்புலிவனம். இந்தப் பக்கம் மட்டும் எட்டிப் பாக்காதீங்க. மல அதோட முடிஞ்சிபோச்சி. மீதிய ஒடச்சி லாரியில எட்த்துக்கினு பூட்டாங்க. குவாரி சார். பன்னெண்டு மணிக்கு வேட்டு வெப்பாங்க. இப்ப பதினொண்ணே கால்தான?

வர்றப்ப பாதைய பத்தி ஒண்ணு சொன்னீங்க இல்ல, இன்னாமா தேஞ்சி கீது, எத்தினி பேரு கால் பட்டுதோன்னு. எங்க காலனி ஜனங்க கால்தான் சார். தேனு, கெழங்கு, வெறகு. என் வூட்டுக்காரு கண்ண மூடிக்கினே எறங்குவாரு.

இப்ப இல்ல சார். ஆறு வருசம் ஆச்சி. தேனுக்கு வந்தாரு, வேட்டு வெச்சிட்டாங்க. வேட்டுக்கு முன்னால ஊதற ஹாரனா? ஊதல. ஆளே வராத மலைக்கி எதுக்கு ஊதறதுன்னு கோர்ட்டுல சொன்னாங்க. அதுக்கு ஒரு காயிதமும் காட்டுனாங்க. நா நேர்ல ஏறிப் பாத்தேன், இந்த மலைக்கிப் பாத கெடயாது, மனுச நடமாட்டம் கெடயாதுன்னு ஒரு ஆபீசரு கையெழுத்து. அதோட கேஸு முடிஞ்சிது.

அவரு ஏறல சார். கீழ ஜீப்ப வுட்டே எறங்கல. எளநீ வெட்டிக் குடுத்தது நாந்தான். ஸ்ட்ரா வேணான்னுட்டு அண்ணாந்து குடிச்சாரு, கைய இடுப்புல வெச்சிக்கினு. இப்ப நீங்க குடிக்கிறாப்பலயே.

மூடியப் போடுங்க சார், தண்ணி சிந்துது.

என் பேரா? காலையிலேர்ந்து இப்பதான் கேக்கறீங்க. செங்கேணி. செத்தவரு பேரு செல்வம். இன்னிக்கி கைடா வர வேண்டியது ஷாரோன் பொண்ணு. புக்கிங்குல ஒங்க பேரப் பாத்துட்டு நாந்தான் கேட்டு வாங்கிக்கினேன்.

ஒக்காருங்க, முட்டி வலிக்கிதுன்னீங்களே, ஒண்டியா பன்னெண்டுக்குள்ள எறங்கி முடிக்க மாட்டீங்க. நா எறங்கறேன். நீங்க எப்டி எறங்கறதுன்னு என்னக் கேட்டா? இல்லாத பாதைய நா எப்டிக் காட்டுவேன்?

பயப்படாதீங்க, போனு இந்தப் பாற மேல மட்டும் எடுக்கும். குவாரி ஆபீசு நம்பரு டூர் காயிதத்துக்குப் பின்னால எழுதிக்கீறேன். பன்னெண்டுக்கு முன்னால பேசிடுங்க. மல மேல மனுசன் கீறான்னு ஒங்க வாயால சொல்லுங்க.

ஒடனே நம்ப மாட்டாங்க. அந்த மலைக்கிப் பாதயே இல்ல, எங்ககிட்ட காயிதம் கீதும்பாங்க. யாரு கையெழுத்துன்னு கேளுங்க சார்.