திறந்து கிடந்த மூலை

இல்லம்மா, நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கிறேன். வாலு தூங்கிட்டாளா? தூங்கட்டும், தூங்கட்டும். சொட்டு மருந்து விட்ட கண்ணு கூசும், உங்க முந்தானைய லேசா முகத்து மேல போட்டு விடுங்க. ஆங், அவ்வளவுதான். முழிச்சிருந்தா இந்நேரம் இந்த வராண்டாவையே தலைகீழாக்கியிருப்பா. சும்மாவா அவளுக்கு வாலுன்னு பேர் வெச்சோம்.

நமக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேரு? நாலா? சரி, ஸ்கேனுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம்னாலும் நேரம் இருக்கு. கையில என்னவா? ஒண்ணுமில்லம்மா, ஒரு சீட்டு. அப்புறம் சொல்றேன்.

பள்ளிக்கூடத்துல தேடுவாங்கதான். தேடட்டும். ஆயா ஒரு நாள் வரலைன்னா என்ன குடியா முழுகிப் போயிடும்? ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லம்மா எனக்கு. கண்ணுக்குள்ள இருக்குறது கட்டின்னு தெரிஞ்சா கண்ணையே எடுத்துடணும்னு டாக்டர் நேத்து சொன்னாரில்ல, அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். நாலு வயசும்மா. இன்னும் செருப்ப இடம் வலம் பாத்துப் போடத் தெரியல.

நான்தானே மொதல்ல கண்டுபிடிச்சேன். மணி கோத்துக்கிட்டிருந்தா. வலது கண்ண மூடிக்கிட்டுக் கோரு பாப்போம்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். மூடினா. மூடிட்டு, ஆயா, லைட்ட ஏன் அணைச்சேங்குறா. நல்ல பகல்ம்மா அது. ஜன்னல் வழியா வெயில் அவ மடியில விழுந்து கிடக்குது. எனக்கு உசுரே போய் வந்துச்சு. அன்னிக்கே உங்களுக்கு போன் பண்ணச் சொன்னேன். அந்த ஒரு நல்லதாவது செஞ்சேன்.

ஐயோ, எனக்கு எதுக்கும்மா நன்றி. வேண்டாம். அந்த வார்த்தைய எடுக்காதீங்க.

உங்களுக்கு எங்க பள்ளிக்கூடத்துப் பின்கட்டு தெரியுமா? நீங்க பாத்திருக்க மாட்டீங்க, சேக்க வந்தப்ப முன்பக்கம்தான் காட்டுவாங்க. பின்னாடி சாமான் போடுற ரூமு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பூனை வந்து குட்டி போட்டுச்சு. நாலு குட்டி. மூணு மாசம் இருக்கும். பெரிய மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா சாக்குல கட்டி எங்கயாச்சும் விட்டுட்டு வரச் சொல்லுவாங்க, அதனால நான் வாயத் திறக்கல. பிள்ளைங்க குடிச்சு மிச்சம் வெச்ச பால ஊத்தினேன். பாவம் பாத்தேன், அதான் நான் செஞ்ச தப்பு.

பூனைக் கதை இப்ப எதுக்குன்னு பாக்குறீங்க. இருங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. ஒரேயடியாச் சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது.

இன்னிக்குக் காலையில அதுல ஒரு குட்டியக் கூடையில போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் குட்டியோட வயித்தத் தொட்டுப் பாத்துட்டுச் சிரிக்கிறாரு. பூச்சி இல்லாத தெருக்குட்டிய நான் பாத்ததே அபூர்வம்மா, தாய்ப்பால் வழியாவே இறங்கிடும்னாரு. குட்டி கொழுகொழுன்னு இருக்குதேன்னு நான் பூரிச்சுப் போயிருந்தேன். அது கொழுப்பில்லையாம், வயிறு நிறையப் பூச்சியாம். கூடையில அது போன பீய எடுத்துக் கண்ணாடித் துண்டுல தடவி, மைக்ரோஸ்கோப்ல வெச்சு என்னையும் பாக்கச் சொன்னாரு. ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா அத்தனை முட்டை. சும்மா கண்ணால பாத்தா ஒண்ணுமே தெரியாதாம். மண்ணுல விழுந்து ரெண்டு மூணு வாரம் ஆனா அதுக்கு வீரியம் வருமாம். அப்புறம் மாசக் கணக்கா அங்கயே கிடக்குமாம்.

ஆமாம்மா, பூனைக்கு அது பெரிய விஷயமில்ல. மாத்திரை குடுத்தாரு, சரியாப் போயிடும்னாரு. மனுசப் பிள்ளை வாய்க்குள்ள அந்த முட்டை போனா என்ன ஆகும் சார்னு கேட்டேன். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, எப்பவாச்சும் யாருக்காச்சும் உடம்புக்குள்ள குஞ்சு பொரிச்சு வழி தெரியாம சுத்தும், கண்ணுக்குக் கூடப் போகலாம்னாரு.

எங்க மணல் தொட்டி ஞாபகம் இருக்கா? தினம் சாயந்திரம் தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலயும் செங்கல் வைக்கணும், பெரிய மிஸ்ஸோட கண்டிப்பான உத்தரவு. பெத்தவங்க எல்லாருக்கும் பெருமையா அதத்தான் காட்டுவாங்க. உங்களுக்கும் காட்டினாங்க, நான் கிட்டவே நின்னேன். அந்தச் செங்கல் வைக்கிற ஆளு நான்தாம்மா.

மூணு மூலையிலதான் வெச்சேன்.

இருங்கம்மா, முழுசாக் கேளுங்க. தொட்டிய இறுக்கி மூடினா, அதுங்க போக இடமில்லாம உள்ள வந்து பிள்ளைங்க படுக்குற பாய்ல போயிடுச்சுங்க. ரெண்டு பாய் வீணாப் போச்சு. மறுபடியும் பாய் நாறினா கேள்வி வரும், பூனை விஷயம் வெளிய வரும். அதனால ஒரு மூலையத் தூக்கி விட்டேன். காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து, அதுங்க போனதையெல்லாம் கரண்டியால வழிச்சு எடுத்துடுவேன். எடுத்துட்டு மணலச் சும்மா விடாம வாரியால நல்லா வாரி, மட்டமா, அழகா வெச்சுடுவேன். பாத்தா கோலம் போடலாம், அவ்வளவு சுத்தம். சுத்தம்னுதாம்மா நினைச்சேன். அந்த முட்டைய தொட்டி பூரா நானே தூவி விட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

வாலு மணல வாயில போடுவாம்மா. உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை வீட்ல சுவத்தச் சுரண்டித் தின்னான்னு நீங்க அடிச்சீங்களாமே. அதுக்குப் பயந்துக்கிட்டு, ஆயா, அம்மாகிட்ட சொல்லாதேன்னு என் கன்னத்தப் பிடிச்சுக் கெஞ்சுவா. நான் அவ வாயக் கழுவி, துடைச்சு, ஒரு பிஸ்கட்டக் குடுத்து, சொல்லலடி தங்கம்னுடுவேன். சொல்லவும் இல்ல.

நேத்து டாக்டர் ரூம் கதவு சரியாச் சாத்தல. நான் வெளியதான் நின்னேன். வீட்ல நாய் பூனை உண்டான்னு கேட்டாரு, இல்லைன்னீங்க. அது சரி. வெளிய எங்கயாச்சும் பூனை புழங்குற மண்ணுல விளையாடுவாளான்னாரு. இல்ல சார், ஸ்கூல்ல மணல் தொட்டிய தினமும் மூடிடுவாங்கன்னீங்க. மண்ணு திங்கிற பழக்கம் உண்டான்னாரு. அத்தனை அழுகையிலயும், எப்பவோ சுண்ணாம்பு தின்னா, அதோட விட்டுட்டா சார்னீங்க. அவரு அதையெல்லாம் எழுதிக்கிட்டாரு. அதுல கடைசி ரெண்டும் பொய்யும்மா. நீங்க தெரியாமச் சொன்னீங்க. நான் தெரிஞ்சுகிட்டு வெளிய நின்னேன். ஓடி வந்து சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயம், நீங்க என்ன செய்வீங்களோன்னு பயம். நேத்துப் பூரா அந்தப் பயத்தோட உக்காந்துட்டேன்.

அடிக்கணும்னா அடிங்கம்மா, நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்தச் சீட்டப் பிடிங்க. மாட்டு டாக்டர் எழுதினது. குட்டி வயித்துல என்ன பூச்சி, அத்தனையும் இதுல இருக்காம். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? இந்தப் பூச்சி கண்ணுக்குள்ள இருந்தா சில சமயம் கட்டி மாதிரியே தெரியுமாம். கட்டியா பூச்சியான்னு எனக்குச் சொல்லத் தெரியாது, பார்வை திரும்புமான்னும் தெரியாது, ஆனா கண்ண எடுக்குறதப் பத்திப் பேசுற டாக்டருக்கு இது கட்டாயம் தெரியணும், ஓடுன்னாரு. ஓடித்தாம்மா வந்தேன். நாலாவது செங்கல வெச்சு, தொட்டிப் பக்கம் போற கேட்டைப் பூட்டி, சாவியக் கையோட எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். இங்க வந்தும் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க.

கூப்பிடுறாங்க. நம்ம பேருதான். எந்திரிங்கம்மா. குடுங்க, பிள்ளைய நான் தூக்கிக்கிறேன்.

சரி. சரிம்மா, தொடல. நீங்களே தூக்கிக்கோங்க. சீட்ட மட்டும் கீழ விட்டுடாதீங்க.