‘போனீங்களா?’ என்று கேட்கும் அக்காவுக்கு

சோர்ந்த குரல்களுக்குச் செவியானவரே! செவியோடு நின்றுவிடாமல் செயலுமானவரே! மூன்றாம் மாடி மூலையறையில், முனை மழுங்கிய பென்சிலும் முறுக்கேறிய தொலைபேசிக் கம்பியுமாக இருபத்தேழு ஆண்டுகள் இடம் பெயராது அமர்ந்தவரே! முகம் காட்டாத மனிதர்களுக்கெல்லாம் முகவரி தேடித் தந்த முதல்வரே! அலுவலகக் கோப்பில் உதவி மேசை எழுத்தர் என்றும், எங்கள் வாயில் அக்கா என்றும், உங்கள் முதுகுக்குப் பின்னால் ‘திரும்பக் கூப்பிடுறேன் அக்கா’ என்றும் அழைக்கப்படுபவரே! உங்களிடம் நாள்தோறும் திட்டு வாங்கித் தேறிய நாங்கள் மூவர், இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எழுதிக்கொண்ட மடல் இது. அந்தப் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். தெரியும் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

நம் மேசைக்கு வரும் அழைப்புகள் எத்தகையவை என்பதை இங்கே கூடியிருக்கும் அவையோர் அறிவார்கள். குடியை விட முடியாதவர், மாத்திரையில் மாட்டிக்கொண்டவர், மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழ மனமில்லாதவர், அவர்களைப் பார்த்துப் பார்த்துப் பாதி உயிரான அம்மாக்கள், அண்ணன்கள், மாமியார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: உரிமம் பெற்ற நல்ல ஆலோசகர் ஒருவர் எங்கே கிடைப்பார்? ஊர் உலகத்தில் இதற்கு மூன்று பெயர்களைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். “முங்கிட்டிருக்கிறவன்கிட்ட பட்டியலை நீட்டினா அவன் எதைப் பிடிப்பான்?” என்று நீங்கள் எங்களைக் கடிந்துகொள்ளாத மாதமே கிடையாது!

ஆகவே ஓர் அழைப்புக்கு நான்கு அழைப்பு என்பது உங்கள் சட்டமாயிற்று. முதலில் பதிவு அலுவலகம்: இன்றைய தேதியில் அவருடைய உரிமம் உயிரோடு இருக்கிறதா? அடுத்து ஆலோசகர்: இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒழிவு உண்டா? பிறகு கேட்டவருக்கே திரும்பக் கூப்பிட்டு இடமும் நாளும் நேரமும் சொல்வது. நான்காவது, அந்த நாள் கழிந்த மறுநாள் காலை. அதில் ஒரே ஒரு சொல்தான்: “போனீங்களா?”

உங்கள் நீலக் குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசகரின் படிப்பும் பயிற்சியும் எவரும் எழுதுவார்கள். நீங்களோ மாடிப்படி எத்தனை, கைப்பிடி உண்டா, காத்திருப்பவர் தெருவில் போகிறவருக்குத் தெரிவாரா, வாசலில் நாய் உண்டா, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்றெல்லாம் எழுதி வைத்திருந்தீர்கள். கை நடுங்குகிறவனுக்கு இழுக்கிற கதவும் ஒரு மலைதான் என்பீர்கள். கதவுக்குமா அக்கா கணக்கு என்று வாய்விட்டுச் சிரித்த அற்பர்கள் இதோ இந்த மூவர்தான்.

அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பட்ட பாட்டை இனிச் சொல்கிறோம். எந்த அழைப்பாளரின் கதையும் அந்த அறையைத் தாண்டக்கூடாது என்பதும் உங்கள் சட்டமே. ஆனால் இந்தக் கதைக்கு உரியவரே வந்து, “சொல்லுங்க, ஒண்ணையும் குறைக்காம சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டார். சட்டத்தை மீறவில்லை, பதறாதீர்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பதை நெருங்கும் ஒருவர் தம் அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கூஜா, கண் துடைக்கக் காகிதப் பெட்டி, சுவரில் சட்டமிட்ட உரிமச் சான்றிதழ். ஆம், அவரே ஓர் ஆலோசகர். குடியிலிருந்து மீள்பவர்களைக் கைதூக்கிவிடுவதில் பேர் போனவர். கோப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய கோப்புகளுக்குப் பின்னால், நான்கு ஆண்டுகளாக அவருக்கும் ஒரு புட்டி இருந்தது.

அன்று காலை அவர் முன்னே இருந்தவர் ஒரு தையற்காரம்மா. குடியை விட்டுத் தொண்ணூறு நாள் ஆனவர். பேச்சின் நடுவே அவர் சட்டென்று நிறுத்தி, சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. என் மேல அந்த வாசனை வருதா? சத்தியமா நான் தொடலைங்க. ஆனா எனக்கு வருதே!”

“இல்லைம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றார் அவர். அந்த அம்மா போன பிறகு அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். தொண்ணூறு நாள் தவத்தைத் தம் மூச்சாலேயே சந்தேகப்பட வைத்துவிட்டோமே என்று வெட்கினார். யாரிடமாவது போயே ஆக வேண்டும். ஆனால் யாரிடம்? ஊரில் உள்ள ஆலோசகர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். தெரிந்தால் உரிமம் போகும், தம்மை நம்பியிருக்கும் பதினொரு பேரின் கதி என்னாகும்? பெயர் கேட்காத மேசை ஒன்று உண்டு என்பது நினைவுக்கு வர, நம் எண்ணைச் சுழற்றினார்.

அன்று பார்த்து நீங்கள் பல் பிடுங்கப் போயிருந்தீர்கள்! நாங்கள் மூவரும் சூரப்புலிகள் அல்லவா? என்ன சிக்கல், எந்தத் தெரு, எந்த நேரம் வசதி, திரும்பக் கூப்பிட எந்த எண் என்று கேட்டோம். அட்டைகளைப் புரட்டினோம். ஒரு நிமிடத்தில் ஒருவர் கிடைத்தார். அக்காதான் இல்லையே, ஆலோசகரைக் கூப்பிட்டுக் கேட்கும் வேலையை இன்றைக்கு விட்டுவிடலாம் என்று முடிவும் செய்தோம். கூப்பிட்டிருந்தால் அந்த எண் பேச்சில் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்!

“சார், உங்க தெருவுலயே ஒருத்தர் இருக்கார். குடி விஷயத்துல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது,” என்று பெயரையும் எண்ணையும் வாசித்தோம்.

மறுமுனையில் அவர் அந்தப் பெயரை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, “அவர் அவ்வளவு நல்லவரா?” என்றார்.

“கண்ணை மூடிட்டுப் போகலாம் சார்!”

“சரி,” என்று வைத்துவிட்டார். நாங்கள் வாசித்தது அவருடைய பெயரை! அவருடைய எண்ணை! தம் நோய்க்குத் தம்மையே மருந்தாகப் பெற்றுக்கொண்ட அந்த மனிதர், அந்த அறையில் தனியே இருந்து முதலில் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு கீழ்த்தட்டைத் திறந்தார். இனித் தமக்கு யாரும் இல்லை என்று அவர் முடிவு கட்டிய நாள் அது.

மறுநாள் நீங்கள் வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக வந்தீர்கள். வந்ததும் வராததுமாக முந்தைய நாள் சீட்டுகளை எடுத்தீர்கள். விட்டுப்போன அழைப்பை இன்றாவது செய்வோம் என்று ஆலோசகரின் எண்ணைப் பார்த்தீர்கள். கேட்டவரின் எண்ணையும் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்று. மாற்றி எழுதிவிட்டோம் என்று நாங்கள் வழிந்தோம்.

“மாத்தி எழுதல. ரெண்டும் ஒரே ஆளு,” என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, இன்றுவரை நாங்கள் இரண்டாவது அழைப்பைத் தவிர்த்ததில்லை.

நீங்கள் கூப்பிட்டபோது அவர் தொழிற்குரலில், “ஆலோசகர் பேசுறேன், யாரையாவது அனுப்பணுமா?” என்றார்.

“இல்லைங்க. நேத்து நீங்க கேட்டதுக்குத்தான் திரும்பக் கூப்பிடுறேன். எங்க பிள்ளைங்க சொன்ன ஆளு ரொம்ப நல்லவருதான். ஆனா உங்களுக்குச் சரிப்பட மாட்டார். அவருக்கே இப்போ கொஞ்சம் ஓய்வு வேணும்.”

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, யாரும் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொக்கரிக்கவில்லை. “என் லைசென்ஸ் போயிடுமா?” என்று மட்டும் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைச் சொல்ல மாட்டேன். கேட்டுச் சொல்றேன், வச்சிடாதீங்க... சரி, வச்சிடுங்க, நானே திரும்பக் கூப்பிடுறேன்.”

பெயர் சொல்லாமல் பதிவு அலுவலகத்தைக் குடைந்தீர்கள். தாமாக முன்வந்து ஒதுங்கிச் சிகிச்சை பெறுபவரின் உரிமத்தை நிறுத்திவைப்பார்களே தவிரப் பறிக்க மாட்டார்கள் என்ற விதியைத் தோண்டி எடுத்தீர்கள். பிறகு தொடங்கியது தேடல். ஒருவர் அவருடைய மாணவர், ஒருவர் அவருடைய ஆசான், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. பத்தொன்பது பெயர்களுக்கு அவர் “வேண்டாங்க” என்றார். நாங்களாக இருந்தால் போய்யா என்றிருப்போம்! இருபதாவதாக, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், கூட்டம் என்றாலே ஆகாது என்பதால் ஆலோசகர்கள் கூடும் எந்தக் கூட்டத்துக்கும் வராத, அதனால் இவரை அறியாத ஓர் அம்மையாரைக் கண்டுபிடித்தீர்கள். அவருக்கோ இரண்டு மாதத்துக்கு ஒழிவில்லை. ஆறு நாள் தொடர்ந்து காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டீர்கள். ஏழாம் நாள், “உங்க தொல்லை தாங்கலை, வியாழக்கிழமை பத்தரைக்கு வரச்சொல்லுங்க,” என்றார் அவர். அந்த ஏழு நாளுக்குள் தையற்காரம்மா உட்பட நம் ஆலோசகரின் பதினொரு பேருக்கும் பதினொரு மணி நேரங்களை வேறு இடங்களில் பிடித்துவிட்டீர்கள். எங்கள் கையெல்லாம் மையாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது அழைப்பு. “போனீங்களா?”

“போனேங்க. நல்லாப் பேசினாங்க. மனசு லேசாச்சு.”

“சந்தோஷம். கதவு கையில இடிச்சுக்கலையே? அது உள்பக்கமா திறக்குமா, வெளிப்பக்கமா?”

“உள்பக்கம்,” என்றார் அவர்.

“அந்த வாசல்ல கதவே இல்லைங்க. திரைச்சீலைதான் தொங்குது.”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மனிதர்! ரயில் நிலையம்வரை போய், வண்டி கிளம்பும்வரை நடைமேடையில் நின்று, திரும்பி வந்திருந்தார். எத்தனையோ பேரின் பொய்களை நொடியில் பிடித்தவர், ஒரு திரைச்சீலையில் பிடிபட்டார். நீங்கள் திட்டப்போகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“ரயிலடி வரைக்கும் போயிருக்கீங்கல்ல, பாதி வழி முடிஞ்சுது. அடுத்த வியாழனும் பத்தரைக்கு எடுத்து வச்சிருக்கேன். இந்தத் தடவை ஏறிடுங்க.”

ஏறினார் அக்கா, ஏறினார்! திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள், நீங்கள் கேட்பதற்கு முன்பே, “பச்சை நிறம், ஓரத்துல தையல் பிரிஞ்சிருக்கு,” என்றார். அறை முழுக்க நாங்கள் கைதட்டியது அவருக்கும் கேட்டிருக்கும். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அன்றும் கூப்பிட்டீர்கள், அதே ஒற்றைச் சொல்லோடு, அக்கறை குறையாமல். பதினான்கு மாதம் கழித்து உரிமம் அவர் கைக்குத் திரும்பியது. அவர் நேரே போனது தையற்காரம்மாவின் கடைக்கு.

“அம்மா, அன்னைக்கு வாசனை வந்தது உங்க மேல இல்ல, என் மேலதான்.”

“அடப்பாவி மனுஷா! நான் அந்தச் சேலையையே எரிச்சுட்டேனே!” என்று அந்த அம்மா கத்தினாராம். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து, இரண்டு நாற்காலிகளில் தம்முடையதில் உட்கார்ந்துகொண்டார். இன்றும் குடியைத் தொடுவதில்லை அந்த அம்மா.

நெஞ்சுரத்தின் நிலையமே! விடாக்கண்டர்களுக்கெல்லாம் தலைவியே! வென்றது அவர், வழிகாட்டியது நீங்கள், வாய் பிளந்து நின்றது நாங்கள்! இனி உங்கள் காலைகள் உங்களுக்கே ஆகுக. முதுகுவலி முகவரி தெரியாமல் போகுக. முன்வரிசையில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரர், கடைக்குப் போய் வந்ததும் “போனீங்களா?” என்ற விசாரணைக்கு ஆளாகாமல் நிம்மதியாக இருக்க, நீங்களிருவரும் நலத்தோடும் நகைப்போடும் நெடுங்காலம் வாழ்க! நீலக் குறிப்பேடு எங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு கதவும் தவறாது.

கடைசியாக ஒன்று. எவரையும் குரலாக மட்டுமே அறிந்தவர் நீங்கள். இந்த மடலை வாசிக்கும் குரலை முதல் வரியிலேயே கண்டுகொண்டிருப்பீர்கள். ஆம் அக்கா, அவர்தான். நாங்கள் கேட்கவில்லை, தாமாக முன்வந்தார். அன்று ஏறாமல் விட்ட அதே ரயிலில் வந்திருக்கிறார், இரண்டு கைகளாலும் இந்தத் தாளைப் பிடித்திருக்கிறார். நிமிர்ந்து பாருங்கள், தாள் ஆடவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
உதவி மேசையின் மூவர்

வாசித்தவர்:
உரிமம் பெற்ற ஆலோசகர், ஏழு ஆண்டுகளாகக் குடிக்காதவர். போனேன் அக்கா.