டைட்டஸ் எழுத மாட்டான்

கடவுச்சொல்லை இப்படியா எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைப்பது? உங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியது இதுதான், இன்ஸ்பெக்டர் சார். கணினித் திரையின் ஓரத்தில், மஞ்சள் தாளில், யாரோ ஒரு பெண் குழந்தையின் பெயரும் அநேகமாக அவள் பிறந்த வருடமும். அப்போது சொல்லவில்லை. விசாரணைக்கு வந்த இடத்தில் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் சைபர் குற்றப் பிரிவிலேயே இப்படி என்றால் பிள்ளைகளைக் குறைசொல்லி என்ன பயன்?

என் பெயர் பெமிலா. ஊர் அருமனை. கடியப்பட்டணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியை. இணையப் பாதுகாப்பு வகுப்பும் என் தலையில்தான் விழுந்தது. புரொஜெக்டரைத் தட்டாமல் ஓடவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேலிடத்திலிருந்து அனுப்பிய படங்களில், தலையை மூடிய கம்பளிச் சட்டையோடு ஒரு திருடன் இருட்டில் உட்கார்ந்திருப்பான். பதினோராம் வகுப்பு லிஜி அவனைப் பார்த்துச் சொன்னாள்: “டீச்சர், இந்த வேக்காட்டுல இதப் போட்டுட்டு இருந்தா, களவாங்கதுக்கு முன்னயே மயங்கி விழுவான்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பல நாள் என் காதில் இருந்தது.

படம் காட்டிப் பயனில்லை, செய்தே காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். சீரியல் நடிகைபோல இருந்த ஒரு பெண்ணின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு ஒன்று தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்புப் பையன்களில் பாதிப்பேர் நண்பர்களாகிவிட்டார்கள். தமிழாசிரியரும்தான், அவர் இதயம் அனுப்பினார். லிஜி மட்டும் அந்தக் கணக்கைத் தடுத்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணன் ஆன்ட்ரூஸ் போன விசைப்படகு வளைகுடாக் கடலில் கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல் கிடைத்தது, அவனுடையது கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் இறந்தவன் உடுத்த துணியைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்குவது அவர்கள் வழக்கமாம். நான் ரப்பர் தோட்டத்துப் பக்கத்துக்காரி, எனக்கு இதெல்லாம் புதிது. அவன் அம்மா குளோரி ஒரு கோடுபோட்ட சட்டையை எடுத்துக் கொடுத்திருந்தார். பெட்டியும் வந்துவிட்டது.

அதே கடற்கரையில் வேறொன்றும் நடப்பதுண்டு. எல்லை தாண்டிப் பிடிபட்டு வெளிநாட்டுச் சிறையில் கிடந்தவர்கள், செத்துவிட்டதாக ஊர் நினைத்த பிறகு, தாடியோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். இவர்கள் நம்புவார்கள். ஏமாற்றுகிறவன் நமக்கு முன்பே பாதி தெரிந்ததைத்தான் சொல்லுவான் என்று வகுப்பில் நான் எச்சரித்திருக்கிறேன். சிறையிலிருந்து விடுதலையான டைட்டஸ் என்று ஒருவனை உண்டாக்கி, லிஜிக்கு எழுதினேன்: “ஒனக்க அண்ணன் உள்ள உண்டு. போன் குடுக்க மாட்டானுவ. வருவான்.”

கணக்கு புதியதா, தெரிந்தவர்கள் யாராவது அதில் இருக்கிறார்களா, எதையும் அவள் பார்க்கவில்லை. கைப்பேசியை நேராக அம்மாவிடம் கொண்டுபோனாள். அவ்வளவு சொல்லிக்கொடுத்தும்.

குளோரி பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தார். துவைத்து, தேய்த்து, கொடியில் தொங்கவிட்டார். பங்குத்தந்தையிடம் அடக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குக் குரல் செய்திகள் வரத் தொடங்கின. டைட்டசுக்கு என்று சொல்ல வேண்டும். “மக்கா டைட்டசே, எனக்க மவனுக்குச் சளி ஒத்துக்காது. வெறுந்தரையில கெடக்காண்டாம்னு ஆருகிட்டயாவது சொல்லி விடு.” சொல்லிவிடுகிறேன் அம்மா என்று பதில் எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? சாப்பிட்டியா என்றும் கேட்பார். என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அடுத்த வகுப்பில் அந்த உரையாடலைத் திரையில் போட்டேன். பெயர்களை மறைத்துத்தான், தனியுரிமை முக்கியம். இந்தக் குடும்பம் செய்த தவறுகள் என்னென்ன என்று கேட்டேன். சிலர் ஆர்வமாகக் கை தூக்கினார்கள். லிஜி கை தூக்கவில்லை. எழுந்து நின்றாள். வகுப்பில் அவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது சிக்கல் குளோரிதான். டைட்டஸ் என்று யாரும் இல்லை என்று மகள் சொல்லியும், பங்குத்தந்தை சொல்லியும் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். “அருமனைக்காரி டீச்சருக்கு எங்க ஜெயிலயும் கடலயும் பத்தி என்ன தெரியும்?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி சும்மா கிடக்கிறது. சட்டை கொடியில் தொங்குகிறது.

அதனால்தான் இப்போது லிஜி உங்கள் அறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கேட்கிறாள்.

“ஆரு சொன்னாலும் அம்மை கேக்க மாட்டா, டீச்சர். டைட்டஸ் சொன்னா கேப்பா. அண்ணன் இல்லண்ணு அதுல ஒரு வரி எழுதிப் போடுங்க. எங்களுக்கு அந்தச் சட்டைய அடக்கணும்.”

நீங்களும் என்னிடம் வாங்கி வைத்த கைப்பேசியை என் பக்கம் நகர்த்துகிறீர்கள்.

நான் யோசித்துத்தான் சொல்கிறேன், சார். எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், இல்லாத ஒருவன் பெயரில் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது. என் வகுப்பின் முதல் பாடமே அதுதான். ஒரு மாணவியின் கண்முன்னால் அதை மீறச் சொல்லாதீர்கள்.

ஒரு நிமிடம். குளோரி அம்மா ஏதோ அனுப்பியிருக்கிறார். கேட்டுவிட்டுத் தருகிறேன்.

எழுத மட்டும் மாட்டேன்.