இரண்டு துளி கடல்நீர்

கைக்குட்டை இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. கூடுவாஞ்சேரி வீட்டில் ஒரு இழுப்பறை முழுக்க வெள்ளைப் பருத்திக் கைக்குட்டைகள்தான். இன்றும் ஒன்று கொண்டுவந்தேன். உங்கள் காவலர் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை. இந்த டீ டம்ளரின் அடியில் நீர் கோத்திருக்கிறது. அதைத் துடைக்க ஒரு காகிதம் கொடுத்தால் போதும்.

நன்றி.

இது பழக்கம் மட்டுமில்லை, என் தொழிலும் அப்படி. நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறதே, கொடுவா மீன் குஞ்சுப் பண்ணை, அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான்தான் தலைவி. தாய் மீனை மயக்கி, மெல்லிய குழாயால் கொஞ்சம் முட்டையை உறிஞ்சி எடுத்து, பக்குவப்பட்டதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பேன். கூட்டு ஆராய்ச்சி தொடங்கியபோது முட்டை எங்கள் பொறுப்பாகவும், ஆண் மீனின் விந்து ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவும் பிரிக்கப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்தான் பிரிசில்லா. பொத்தேரியில் ரயில் பாதையை ஒட்டி வாடகைக்கு இருந்தாள். ஒப்பந்த வேலை. ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தால் அவளுக்கு வேலை நிலைக்கும். விந்தின் தரம் சரியில்லை என்று முடிவானால் வேறு ஆளைப் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விந்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்வது எளிதாகப் புரியும். மீனின் உடம்புக்குள் இருக்கும் வரை அது அசையாது. கடல்நீர் பட்ட கணத்தில்தான் விழித்துக்கொண்டு நீந்தும். சற்று நேரத்தில் களைத்து நின்றுவிடும், பிறகு எழாது. அதனால் முட்டையோடு சேர்க்கும் வரை அதன்மேல் ஒரு துளி நீரும் படக் கூடாது. மீனின் வயிற்றைத் துடைக்க வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், குழாயைத் துடைக்க வேண்டும். ஈரக் கையோடு வருகிறவரை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். யாராக இருந்தாலும்.

பிரிசில்லாவின் கை எப்போதும் உலர்ந்தே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். கொடுவா பிறக்கும்போது ஆண். வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும். அதை வைத்து வந்த முதல் வாரமே ஒரு வேடிக்கை செய்தாள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சீனுவிடம், நான் கேட்கும்படி, "இன்னா அண்ணாத்த, மேடத்தோட பொண்ணுங்க எல்லாம் நேத்து வரைக்கும் என் பசங்கதான, இல்லியா?" என்றாள். சீனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

அவள் அப்பாவை நான் பார்த்தது அதற்குப் பிறகு. பேருந்து ஓடாத ஒரு நாள் மொபெட்டில் அவளைக் கொண்டுவந்து விட்டார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்க சாரதாம்பாள் அம்மா வூட்டுப் பொண்ணுதான? நான் பெஞ்சமின். ஞானதாஸ் மவன். எங்க நைனா உங்க கயனிலதான் வேல செஞ்சுகினு இருந்தாரு. நானும் சின்னப் பையனா இருக்கசொல்ல வந்துக்கீறேன்."

"அப்படியா," என்றேன். ஞாபகம் இருந்தது.

"அப்பா, கைய எறக்கு," என்றாள் பிரிசில்லா.

"இரு பாப்பா, பெரிய வூட்டு..."

"எறக்குப்பா. செருப்பப் போடு. மணல் சுடுது."

அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டுதான் வண்டிக்குப் போனார். அவர் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு கேட்டாள்: "எங்கப்பா கையக் கட்டினதுக்கு நான் சாரி சொல்லணுமா மேடம், இல்ல நீங்க சொல்லணுமா?"

நான் யாரையும் கையைக் கட்டச் சொன்னதில்லை. என்னிடம் அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. என்னோடு படித்தவர்களில் எல்லாரும் இருந்தார்கள். ஞானதாஸைப் பற்றிக்கூட எனக்கு நல்ல நினைவுதான் இருக்கிறது. மத்தியானம் அவர் கொல்லைப்புறம் வந்து குனிந்து இரண்டு கையையும் குவிப்பார். அம்மா சொம்பைச் சாய்த்து உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். சொம்பு அவர் கையில் படாது, ஒரு சொட்டு கீழே சிந்தாது. கை நடுங்காமல் அப்படி ஊற்றுவது சுலபமில்லை. அதை வேடிக்கை பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மாவின் அந்தக் கை எனக்கு வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு அதுதான் முதல் தகுதி.

அந்த வாரம் ஆய்வகத்துக்குக் காகிதக் கோப்பைகள் வாங்கிப் போட்டேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் சுகாதாரம். எங்கள் ஆட்களின் எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் தனியாக இருந்தன. பிரிசில்லா முதல் நாள் காகிதக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் என் மேஜைக்கு வந்து, என் டம்ளரை எடுத்து, வாய் வைத்து முழு டீயையும் குடித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"டீ சூப்பர் மேடம். கொஞ்சம் சக்கர கம்மி."

அந்த டம்ளரை நான் பிறகு பயன்படுத்தவில்லை. அது ஏற்கெனவே நசுங்கியிருந்தது.

இதெல்லாம் காரணமில்லை. காரணம் முட்டை. ஒரு முறை கருத்தரிப்பு மிகவும் மோசமாகப் போனது. உயிருள்ள கொடுவா முட்டை கண்ணாடிபோல மேலே மிதக்கும். செத்தது வெளுத்து அடியில் தங்கும். அன்று தொட்டியின் அடி முழுக்கச் சோறு கொட்டினதுபோலக் கிடந்தது. மதிப்பீட்டுக் குழுவிலிருந்து வந்திருந்த உலகநாதன் சார் பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் பிரிசில்லா சொன்னாள்: "விந்து நல்லா ஓடுது சார், நீங்களே பாருங்க. முட்டைதான் சரியில்ல. தாய் மீனுங்க ரொம்பக் கிழடு. மேடம் மாத்தவே மாட்டேங்கிறாங்க."

அவள் சொன்னது சரிதான். அந்த மீன்களை நான் இத்தனை வருடம் கையால் தீனி போட்டு வளர்த்தவள். அவற்றைக் கழிக்க மனம் வரவில்லை. தனியாக என்னிடம் சொல்லியிருக்கலாம். உலகநாதன் சார் என் ஆசிரியர். அவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அவள் தோளில் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். என்னை அவர் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த முறையிலிருந்து விந்து சரியில்லாமல் போனது.

அதை நான்தான் செய்தேன். அவள் விந்தை எடுத்துச் சின்னக் குழாய்களில் அடைத்து ஐஸ் பெட்டியில் என் மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த மீனுக்குத் தொட்டிக்குப் போவாள். குழாயில் இருப்பது கொஞ்சம்தான். அதற்கு இரண்டு துளி கடல்நீர் போதும். மூடியைத் திறந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, குழாயின் வாயில் படாமல் விடுவேன். பட்டால் என் துளிகுழாயும் கெட்டுவிடும், அதனால்தான் அந்த உயரம். துளி நேராக உள்ளே போகும். வெளியே ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அவள் திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் நீந்தி முடித்துச் செத்துக் கிடக்கும்.

ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் நான் அவளுக்காகத்தான் பேசினேன். "பாவம், சின்னப் பெண். கை சுத்தம் கொஞ்சம் போதாது, பழகிவிடுவாள்" என்றேன். உலகநாதன் சார் தலையை ஆட்டினார். அவள் கையைக் கழுவிக் கழுவித் துடைக்க ஆரம்பித்தாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்தது. சிரிப்பது நின்றுபோனது. ஒரு நாள் வெளிச்சத்தில் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவளிடம் என் கைக்குட்டை ஒன்றைக் கொடுத்தேன். அதை நானே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டாள்.

நான் அவளைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன். இறுதி மதிப்பீட்டுக்கு முந்தின நாள் பிற்பகல் அவள் என் அறைக்கு வந்தாள். கையில் இரண்டு குழாய்கள்.

"ஒரே மீன் மேடம். ஒரே வயிறு. ரெண்டா பிரிச்சேன். ஒண்ண எப்பவும்போல உங்க மேஜைல வெச்சேன், ஒண்ண என் பைல வெச்சுகினேன். பைல இருந்தது ஓடுது. மேஜைல இருந்தது செத்துப் போச்சு. அதுல உப்பு கீது. கடல்தண்ணி."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எத்தன மாசமா என் கையப் பாத்துப் பாத்து அழுதுக்கீறேன் தெரியுமா? எங்கம்மாகிட்ட கேட்டேன், நம்ம கைல எதுனா கோளாறான்னு." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டயும் உறைய வெச்சு நாளைக்கு அவங்க முன்னாடி எடுத்து வைக்கப் போறேன். நீங்களும் வாங்க. வெள்ளக் கைக்குட்டையோட வாங்க."

"சரி, சீக்கிரம் போ," என்றேன். "தாமதித்தால் அந்த நல்ல குழாயும் வீணாகிவிடும்." அது உண்மையான அக்கறைதான். ஒரு நல்ல மாதிரி வீணாவதை என்னால் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

விந்தை உறைய வைக்கும் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சின்ன அறை, ஜன்னல் இல்லை, கதவில் மட்டும் ஒரு கண்ணாடி. திரவ நைட்ரஜனைப் பெரிய கலனிலிருந்து சின்னதில் ஊற்றும்போது வெள்ளைப் புகை கிளம்பும். அது விஷமில்லை. அறையில் இருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. காற்று குறைந்தால் கத்தும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. அதனால், காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். மின்விசிறியின் சுவிட்ச் வெளியே, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் அவள் பின்னாலேயே போனேன். திறந்த கதவு வழியாக அவள் முதுகு தெரிந்தது. கலனைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவிட்சை அணைத்தேன். கதவைச் சத்தமில்லாமல் மூடினேன். தெரிந்துதான் செய்தேன், தவறுதலாக என்று எழுத வேண்டாம். எழுதி ஒட்டியவள் நான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் சுவரில் கை வைத்தாள். பிறகு உட்காருவதுபோலக் கீழே போனாள். அந்தக் குழாய்களைக் கடைசி வரை நிமிர்த்தியே பிடித்திருந்தாள். நல்ல பயிற்சி. பிறகு நான் மூன்றாம் தொட்டிக்குப் போனேன், தாய் மீன்களைப் பார்க்கும் நேரம் அது.

சீனுவின் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன். "மேடம், கதவு ஏன் மூடிக்கீது? ஃபேன் ஏன் ஓடல?" கேட்டுக்கொண்டே அவளை இழுத்து வெளியே போட்டான். தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "தண்ணி கொண்டாங்க மேடம், தண்ணி!" என்று அலறினான். ஒரு சொம்பில் எடுத்து வந்தேன். "வந்து நெஞ்ச அமுக்குங்க மேடம். உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. கண்ணு அசையுது மேடம், உசுரு கீது!"

முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் பண்ணையில் நான் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவர், உங்கள் கை நல்ல உறுதியான கை என்று பாராட்டியிருந்தார். நான் நின்றபடியே சொம்பைச் சாய்த்து மேலிருந்து அவள் முகத்தில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சீனு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் அசைவது நின்றுவிட்டது.

ஏன் அவளைத் தொடவில்லை என்று சீனு கேட்டதாகச் சொல்கிறீர்கள். நீங்களும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டேன், இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. சொம்பை எடுத்ததில் என் கை ஈரமாகிவிட்டது. கைக்குட்டை இடுப்பில்தான் இருந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை.