நாற்பதில் பதினொன்று

— நாப்பது வார்த்தைக்குப் பதினொண்ணுதான் விளங்குச்சாம்! இந்தக் காகிதத்த நம்பியா எங்கம்மாவ நேத்தோட நிறுத்துனீங்க, கமலநாதன் அண்ணே?

— உக்காரு ஷர்மினி. செல்வராணிக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. புரோஜர்னு ஒண்ணு இருக்குலா.

— புரோஜரு! மாசாய் பிளாட்டுலேருந்து பாசிர் கூடாங் பேக்டரிக்கு ஆளேத்துற உங்க பன்னெண்டு வேனையும் பதிமூணு வருஷமா ஓட்டுனது எங்கம்மா வாய். காலையில வாட்சாப்புல அவங்க குரல் வராம ஒரு டிரைவராவது சாவியத் திருப்பியிருக்கானா?

— இனிமே சிஸ்டம் பாத்துக்கும். அக்கா பேசுனா அது எழுத்தாக்கி எல்லா டிரைவருக்கும் அனுப்பணும். ஆனா அக்கா பாதி வார்த்தைய முழுங்கிடுறாங்க, அது திணறுது. அதான் இன்னையிலேருந்து ஆபிஸ்ல டைப் பண்ணுன லிஸ்ட்ட அது அனுப்புது. சிஸ்டம் போட்ட கம்பெனிக்காரன் சும்மா சொல்லல. அக்கா வாய்ஸ் நோட்ட வார்த்த வார்த்தையா வெட்டி, தமிழ் படிச்ச ஆள வச்சுக் கேட்டுப் பாத்திருக்கான்.

— தனித்தனியா வெட்டியா?

— ஆமா. அதுதான நியாயம்?

— ஒருத்தரோட மூக்க மட்டும் அறுத்துக் கொண்டாந்து மேசையில வச்சு, இது யாருன்னு கேட்டா அது நியாயம்! யாரும் முழுசாப் பேசுறதில்லண்ணே. நீங்க இப்ப ‘புரொசீஜர்’னா சொன்னீங்க? ‘புரோஜர்’னீங்க. நான் விளங்கிக்கலையா? முன்னால என்ன வந்துச்சு, யாரு பேசுறா, எதுக்குப் பேசுறா, அத வச்சுத்தான் காது மிச்சத்த நிரப்பிக்குது. நாலு வருஷம் நான் படிச்சதே இதத்தான்.

— படிச்சு முடிச்சு இப்ப என்ன வேலையில இருக்க?

— கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு வேலை. அதுவா இப்பப் பேச்சு? இன்னைக்கும் எங்கம்மா நாலரைக்கே எழுந்து, போனக் கையில வச்சுக்கிட்டு, பேச ஒரு ஆளில்லாம உக்காந்திருந்தாங்க. அம்பத்தாறு வயசுல அவங்களுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா, வேன் கழுவ?

— பாஸ், வேன் சாவி இந்தாங்க. அலமாக்! ராணிக்கா பொண்ணா இது? அக்கா ஏன் இன்னைக்குப் பேசல?

— நல்ல நேரத்துல வந்தீங்க கில்பர்ட் அண்ணே. பதிலு உங்க பாஸ்கிட்ட இருக்கு. அண்ணே, உங்க போன்ல அந்த வெட்டுன துண்டு இருக்குல்ல? அதுல ஒண்ணப் போடுங்க. தெகிரியமாப் போடுங்க.

— சரி, போடுறேன். கில்பர்ட்டு, நல்லாக் கேளு.

— ன்ஷோ.

— என்னா பாஸ் இது? யாரோ தும்முறாங்களா?

— பாத்தியா ஷர்மினி? உன் ஆளுக்கே விளங்கல.

— இப்ப அந்த வாய்ஸ் நோட்ட வெட்டாமப் போடுங்க.

— கில்பட்டு, மூணாப்ளாக்ல ரெண்டேரு நிக்கிறா, வாசிக்கி புள்ளைக்கிக் காச்ச, அஞ்ன்ஷோ நின்டு ஏத்திட்டு வா, உட்டுப்போய்ராத.

— ஓ, இதுவா? போன வாரத்துதுலா! மூணாவது பிளாக்குல ரெண்டு பேரு. வாசுகியோட புள்ளைக்குக் காய்ச்சல், அஞ்சு நிமிஷம் நிக்கணும். விட்டுட்டு வந்தா ராணிக்கா என் தோல உரிச்சிருவாங்க.

— டேய், இப்பத்தான தும்மல்னு சொன்ன?

— தனியாப் போட்டா யாருக்குத் தெரியும் பாஸ்? ராணிக்கா ‘புள்ளைக்கி’ன்னாலே அடுத்தது காய்ச்சலு, அதுக்கடுத்தது அஞ்சு நிமிஷம். வேற என்னத்தச் சொல்லப் போறாங்க? இன்னைக்குத்தான் உங்க சிஸ்டம் அனுப்புன எழுத்த நம்பி நிக்காமப் போயி, வாசுகிய ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அவ வீட்டுக்காரரு போன் போட்டு ஏசுறாரு.

— கேட்டுக்குங்க அண்ணே. மூணாங்கிளாஸோட நின்னவருக்கு விளங்குது. உங்க கம்பெனிக்காரன் புடிச்ச படிச்ச ஆளுக்கு விளங்கல.

— ஏய் தங்கச்சி, நான் அஞ்சாங்கிளாஸ்!

— சரி, சரிலா. ஒத்துக்குறேன். ஆனா காகிதத்துக்குக் காகிதம்தான் பதிலு. இதக் கேட்டுக் குறிச்ச ஆளு, ‘என் மதிப்பீடு செல்லாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நாளைக்குக் காலையிலேயே அக்கா பேசட்டும். ஆனா ஒண்ணு, எழுதிக் குடுத்தா அந்த ஆளு வேலை போயிடும். அவனும் யாரோ வீட்டுப் புள்ளதான்.

— போகட்டும். தமிழ் படிச்சிட்டு, ஒரு மனுஷி பேச்ச முழுசாக் கேக்கணும்னுகூடத் தோணாத ஜென்மம். அதுக்குச் சம்பளம் வேற ஒரு கேடா? பேரு எங்க இருக்கு? நேரா வீட்டுக்கே போயி எழுதி வாங்குறேன்.

— கடைசிப் பக்கத்துல பாரு. இங்கிலீஷ்ல எழுதுனத யாரு அவ்வளவு தூரம் படிக்கிறது?

— இதோ, கடைசிப் பக்கம். கேட்டுக் குறிச்ச ஆளு... இந்தப் பேரா?

— என்னம்மா, தெரிஞ்ச ஆளா?

— ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு துண்டு வரும். யாரு பேசுறா, யாருகிட்டப் பேசுறா, ஒண்ணும் இருக்காது. அரை செகண்டு. கேளு, தட்டு, அடுத்தது. கேளு, தட்டு, அடுத்தது.

— யாரு வேலையச் சொல்ற நீ?

— பேனா குடுங்கண்ணே. எங்கம்மா குரல ‘விளங்கல’ன்னு இருபத்தொம்பது தடவ தட்டுனது நாந்தான்.