டிக்கியைத் தட்டிப் பார்த்தவர்

மாலை ஆறே முக்கால். சரக்கு லாரிகள் மட்டும் போகிற சாலை. அன்றைக்கு லாரியும் இல்லை. இரண்டு பக்கமும் மூடிக்கிடக்கிற கிடங்குகள்... நடுவில் ஒரே ஒரு ஆள், கையில் டார்ச்சோடு நடந்து போகிறார்.

நம் லாரி டிரைவர் இருக்கிறானே, அவனுடைய மச்சான்தான் அது. பெண்டாட்டியின் அண்ணன். அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

சின்ன வயதிலிருந்து சுத்தியல் சத்தத்திலேயே கிடந்து அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. செவிட்டு டிங்கர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவருக்குத்தான் கேட்காதே. மனைவி இருந்தவரை அவள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். அவள் போன பிறகு பேச்சு என்பதே நின்றுபோனது. பட்டறைக்கு வருகிறவர்கள் நசுங்கின இடத்தைக் கையால் காட்டுவார்கள், இவர் தலையாட்டுவார். அவ்வளவுதான். பட்டறைக்குப் பின்னால் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. வாரத்துக்கு ஒருமுறை தங்கை பிள்ளைகளோடு வந்து போவாள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

தங்கை புருஷன், அதாவது நம் டிரைவர், லாரி ஓட்டியே முதுகு போனவன். பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று ஆசை. ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டான்.

"மச்சான், நீங்க ஒரு தடவ தட்டிப் பாத்து சரின்னு சொல்லிட்டா, கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்" என்று காதருகே கத்தினான். அதற்குத்தான் இவர் போகிறார்.

பழைய கார் விற்கிற யார்டு என்றால் கம்பி வேலி போட்ட ஒரு மண் திடல். வரிசையாகப் பழைய வண்டிகள். யார்டுக்காரர் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆணியில் தொங்கின சாவியைத் தாடையால் காட்டிவிட்டு, திரும்பவும் குனிந்துகொண்டார்.

கடைசி வரிசையில், டிரைவர் பார்த்து வைத்த கருநீல வண்டி. பக்கத்தில் வேறெந்த வண்டியும் இல்லை.

சிலர் முதலில் இன்ஜினைக் கேட்பார்கள். சிலர் கீழே படுத்துப் பார்ப்பார்கள். டிங்கர் விரலை மடக்கி, முட்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றுவார். கம்பெனித் தகரம் கிண்ணென்று இருக்கும். அடிபட்ட பள்ளத்தில் பட்டி மாவை அப்பி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் செத்த சத்தம் வரும். காது கேட்காதவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எலும்பு வழியாக. முட்டியில் ஏறி முழங்கை வரை வரும் என்பார்.

பானட், நல்ல தகரம். கூரை, நல்ல தகரம். பின் கதவுக்குக் கீழே கையகலத்துக்குப் பட்டி... அது பரவாயில்லை.

"டாக்டர்கூட நோயாளிய இவ்வளவு தட்டிப் பாக்க மாட்டாருய்யா" என்றார் யார்டுக்காரர், அங்கிருந்தே. இவருக்கு எங்கே கேட்கப் போகிறது?

டிக்கிக்கு வந்தார். டொக், டொக்.

நல்ல தகரம் என்று கையை எடுக்கப் போனவர் எடுக்கவில்லை.

டொக்... டொக்.

உள்ளேயிருந்து.

ஜாக்கியோ ஸ்பேனரோ உருள்கிறது என்று நினைத்தார். சாவியைப் போட்டுத் திறந்தார். ஒன்றுமில்லை. ஸ்டெப்னியைக்கூடக் கழற்றி எடுத்திருந்தார்கள். புதிதாக ஒட்டின விரிப்பின் பசை நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாடை... ரொம்ப நேரம் பேசாமல் கிடந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. டார்ச்சை மேலே திருப்பினார். மூடியின் உள்பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பெயிண்ட் தேய்ந்து தகரம் வெளுத்திருந்தது. சாமான் உரசித் தேய்கிற இடம் இல்லை அது.

மூடினார். மூன்று தட்டினார். மூன்று வந்தது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. அதே மாதிரி வந்தது. எதிரொலி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நொடி யோசித்துவிட்டு வந்தது.

"யாரது?" என்றார். வாய்ப்பேச்சுக்குப் பதில் இல்லை. தட்டினால் மட்டும்தான்.

வேறு யாராவது என்றால் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பான். இவருக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் தகரத்திலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை. உலகத்தில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள். இவ்வளவு மெதுவாக ஒன்று பேசி, அது அவருக்கு எட்டியது... மனைவிக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

திரும்பும்போது டார்ச் வெளிச்சம் பின் சீட்டில் விழுந்தது. தங்கை பிள்ளைகள் படுத்துத் தூங்கப் போகிற சீட்டு. அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய அட்டை. அட்டைக்குப் பின்னால் டிக்கி. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"வேணாம் மாப்ள" என்றார் தங்கை வீட்டுக்குப் போய்.

"ஏன் மச்சான்? என்ன குறை?"

"சேசிஸ் வளைஞ்சிருக்கு."

ஒரு வண்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய். உள்ளதை எப்படிச் சொல்வது? செவிட்டு டிங்கருக்குச் சத்தம் கேட்டதாம் என்று தெருவே சிரிக்கும்.

டிரைவர் சும்மா இருக்கவில்லை. வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனான். அந்த ஆள் ஜாக்கி போட்டு, கீழே படுத்து, நூல் பிடித்துப் பார்த்தான். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அளவெடுத்த மாதிரி நேராக இருந்தது. தகரத்தைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"நாளைக்குப் போய் வண்டிய எடுக்கறேன் மச்சான். நீங்க ஏன் பொய் சொன்னீங்கன்னு எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்தும் விடியாததுமாக டிங்கர் யார்டு வாசலில் நின்றார். ராத்திரியே வெல்டிங் செட்டை விற்று, சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு, தானே வண்டியை வாங்கிப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

தங்கை வந்தாள். பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை.

"நாங்க தலையெடுத்தா உனக்கு என்னண்ணே கேடு? இந்த வண்டியில நீ எங்க போகப் போற? யாரக் கூட்டிட்டுப் போகப் போற?"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

பிள்ளைகளைக் காப்பாற்ற வாங்கினாரா, இல்லை வேறு காரணமா... அது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மழைக்காலம் வந்து போனது. டிங்கர் வேலை எடுப்பதில்லை, ஷட்டர் பாதி இறங்கியே கிடக்கிறது என்று நாலு பேர் சொல்லக் கேட்டு, நம் டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. போனான். குனிந்து உள்ளே நுழைந்தான்.

கட்டில் அறையில் இல்லை. வண்டிக்குப் பின்னால், டிக்கியை ஒட்டிக் கிடந்தது. நாலு டயரும் காற்றில்லாமல் படுத்திருந்தன. டிங்கர் கட்டிலில் உட்கார்ந்து மூடிமேல் கை வைத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். தட்டினார்... காத்திருந்தார்... சிரித்தார்.

"வாங்க மாப்ள. யாரு வந்திருக்கான்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறா மச்சான்?"

டிங்கர் அவன் கையைப் பிடித்து, விரலை மடக்கி, மூடியில் வைத்துத் தட்டினார். டொக், டொக்.

எத்தனையோ விபத்துகளில் ஆட்களை அள்ளிப் போட்டவன் நம் டிரைவர். அவன் அன்றைக்கு அடுப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டான். அப்போதுதான் டிங்கர் யார்டில் நடந்தது முழுவதையும் சொன்னார். டிரைவர் அவர் முகத்துக்கு நேராக வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"இங்க இருக்க வேணாம். எங்க வீட்டுக்கு வாங்க மச்சான். பிள்ளைங்க மாமா எங்க மாமா எங்கன்னு உயிர வாங்குதுங்க."

டிங்கருக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டையை மாட்டினார். ஒரு பையில் நாலு துணியைத் திணித்தார். டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஷட்டர் வரை வந்துவிட்டார்கள்.

டொக்.

அதுவரை அது பதில் மட்டும்தான் சொல்லியிருந்தது. தானாகத் தட்டியதில்லை.

டொக்... டொக்... அப்புறம் நிற்காமல். வேகமாக. விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தவர் தட்டுகிற மாதிரி.

கேட்டது டிரைவருக்குத்தான். டிங்கரின் கை தகரத்தில் இல்லை, வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், காதும் கிடையாது. இருந்தும் நின்றுவிட்டார்.

"நீங்க போங்க மாப்ள. இவங்களுக்கும் வேற யாரும் இல்ல."

கையை மெல்ல உருவிக்கொண்டார். இவன் வெளியே வந்ததும் ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டிக்கொண்டார்.

இப்போது தங்கை வாரம் தவறாமல் போகிறாள். ஷட்டர் திறப்பதில்லை. வைத்துவிட்டு வருகிற சாப்பாட்டுத் தூக்கு அடுத்த வாரம் காலியாகக் கிடக்கும். ஆள் தின்றதா, நாய் தின்றதா, தெரியாது. ஆனால் ஷட்டரைத் தட்டினால் பதில் வருகிறது. தகரத்தின் அதிர்வு அண்ணனுக்கு எட்டுகிறது, உயிரோடுதான் இருக்கிறான் என்று நம்புகிறாள். பூட்டை உடைக்கலாம் என்றால், "கோவத்துல இருக்கு, அதுவா திறக்கட்டும்" என்கிறாள்.

போன வாரம் டிரைவரும் கூடப் போனான். அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

டொக், டொக்.

"கேட்டுச்சா? அண்ணன் நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

டிரைவர் ஒரு நொடி பின்தங்கினான். ஷட்டரில் காதை வைத்தான். உள்ளே மறுபடியும், டொக், டொக். இது வேறு கை. கொஞ்சம் மெதுவான கை.

கை இரண்டு. தகரம் ஒன்று, அன்றைக்கு அவன் முட்டியில் பட்ட அதே தகரம். இரண்டும் டிக்கிக்குள்ளேயிருந்துதான் வந்தன.